அடிவாரத்திலும் ஆண்டவன்

'தென்கயிலாயம்' எனப் போற்றப்பெறும் வெள்ளியங்கிரி, கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த திருத்தலம். பூண்டி அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் மனோன்மணி அம்மையுடன் எழுந்தருளியுள்ளார். அங்கிருந்து ஏழு மலைகளைக் கடந்தால் உச்சியில், பெரும்பாறைகளுக்கிடையே சுயம்புலிங்கத் தரிசனம் கிட்டும். பிப்ரவரி முதல் மே வரையே பக்தர்கள் மலையேற வனத்துறை அனுமதிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். 66 வயதுப் பெரியவர் ஒருவர் பேரனுடன் பூண்டிக்கு வந்தார். குழந்தைப் பருவத்தில் கடும் காய்ச்சலில் கிடந்த பேரன் பிழைத்தால், வளர்ந்தபின் அவனை உச்சிக்கு அழைத்து வருவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். இளமையில் பலமுறை ஏறிய மலை என்பதால் அச்சமில்லை. வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவிலேயே புறப்பட, இவர்கள் விடியற்காலையில் மூங்கில் கழியை ஊன்றி ஏறத் தொடங்கினர்.

முதல் மலையின் செங்குத்தான படிகளிலேயே பெரியவருக்கு மூச்சு வாங்கியது. வெள்ளை விநாயகர் சந்நிதியில் சற்று அமர்ந்து, மீண்டும் நடந்தார். வெயில் ஏறியது. கைதட்டிச் சுனையை நெருங்கியபோது நெஞ்சை ஏதோ அழுத்தியது, இடக்கை கனத்தது. பேரனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் திரும்பிவிடுவான். நேர்த்திக்கடன் நின்றுவிடும் என எண்ணினார்.

மேலே சுமை கொண்டு சென்ற தொழிலாளி ஒருவர், பெரியவரின் முகத்து வியர்வையைக் கண்டு மூட்டையை இறக்கி வைத்தார்.

"ஏனுங்கய்யா, நெஞ்சு வலிக்குதுங்களா?"

"வேண்டுதல் இருக்கப்பா. போயே ஆகணும்."

"மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒரே சாமிதானுங்க. இப்ப இறங்குங்க. சாமி எங்கயும் போயிடாதுங்க."

அவரும் உடன் வந்தோரும் டோலி கட்டிப் பெரியவரைச் சுமந்து இறங்கினர். அடிவாரத்தில் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பியவரை, மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியில் ஏற்றினர். இதயக் குழாயில் அடைப்பு. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் மருத்துவர்.

மறு ஆண்டு பேரன் நண்பர்களுடன் உச்சிக்குச் சென்றான். பெரியவர் அடிவாரத்திலேயே தங்கி, ஆண்டவர் சந்நிதியில் ஐந்தெழுத்தை ஓதியபடி அமர்ந்திருந்தார். மாலையில் இறங்கி வந்த பேரன், மலைமேல் பெற்ற திருநீற்றைத் தாத்தாவின் நெற்றியில் இட்டான். ஆண்டி சுனை நீரையும் ஒரு சிறு செம்பில் கொண்டு வந்திருந்தான். "வேண்டுதல் முடிஞ்சுது தாத்தா" என்றான். பெரியவர் பதில் பேசவில்லை, கண்கள் நிறைந்திருந்தன.

வெள்ளியங்கிரியில் ஏறும்போது உயிர்நீத்த அடியார்களும் உண்டு. இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, மூச்சுத்திணறல் உடையோர் மருத்துவரைக் கேளாமல் ஏறலாகாது. தனியே செல்லுதல் கூடாது. நெஞ்சில் சிறு வலி தோன்றினாலும் உடன் வருவோரிடம் மறைக்கலாகாது. இயலாதோர் பூண்டியிலேயே தரிசித்துத் திரும்பலாம். அதனால் வழிபாட்டில் குறையேதும் இல்லை. அன்பரின் வருகையை ஆண்டவன் அறிவான். ஏறிய படிகளை அவன் எண்ணுவதில்லை.