இருபத்து மூன்று சான்றிதழ்களும் அரை வீத இடமும்

கட்டைபறிச்சானில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா ஒரு பிளாஸ்டிக் பைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மகள் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். "தம்பி, நீங்க கம்பஸ் போன ஆள். இவ்வளவும் இருக்கு, இதுக்குப் புள்ளி குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்தேன். 23 சான்றிதழ்கள். பாயில் பரப்பி வகை பிரித்தோம். பாடசாலை மட்டத்தில் 11, கோட்ட மட்டத்தில் 5, வலய மட்டத்தில் 4. முதலுதவிப் பயிற்சி ஒன்று, அறநெறிப் பாடசாலை ஒன்று. மிச்சம் ஒன்றே ஒன்று: தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டி, மாகாண மட்டம், இரண்டாமிடம். முதலிடம் வந்திருந்தால் தேசிய மட்டத்துக்குப் போயிருப்பாள். அந்தப் பிள்ளை அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

விதி என்ன சொல்கிறது? அரச பல்கலைக்கழக அனுமதி அடிப்படையில் இசட் புள்ளியில் நிற்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அதில் திருகோணமலையும் ஒன்று. இவற்றுக்குப் புறம்பாக, விளையாட்டு, கலை போன்ற கல்வி சாராத துறைகளில் தேசிய அல்லது சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு ஒவ்வொரு கற்கைநெறியிலும் 0.5 வீதம் வரை விசேட ஒதுக்கீடு உண்டு.

0.5 வீதம் என்றால் 200 பேரை எடுக்கும் கற்கைநெறியில் ஒருவர். 100 பேரை எடுக்கும் இடத்தில் அரை ஆள். ஆண்டுக்கு 40,000 பேர் அனுமதி பெற்றால்கூட நாடு முழுவதற்கும் அதிகபட்சம் 200 இடங்கள். அதற்கும் உயர்தரத்தில் ஆகக்குறைந்த தகைமை வேண்டும். ஆகவே அம்மாவின் கேள்விக்கு நேரான பதில்: இந்த 23இல் ஒன்றுகூட அந்தக் கதவைத் திறக்காது. சொல்லிவிட்டேன். மழுப்பிச் சொல்லியிருந்தால் அவர்கள் விண்ணப்பத்தோடு அலைந்திருப்பார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இசட் புள்ளியில் மூதூர்ப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி இல்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதை அரசு அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. புறக்கிருத்தியத்தில் மட்டும் அந்த ஒப்புதல் கிடையாது. அங்கே அளவுகோல் தேசிய மட்டம் ஒன்றுதான். மைதானம், பயிற்றுநர், போக்குவரத்துக் காசு என்று பார்த்தால், பாடத்தைவிட விளையாட்டிலும் கலையிலும்தான் இடைவெளி பெரிது. இரசாயனவியலைக் கடன் வாங்கிய குறிப்பை வைத்தும் படித்துவிடலாம். ஈட்டி எறிதலை அப்படிப் பழக முடியாது.

மாகாணப் போட்டி மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வைத்தால் விடியுமுன் வெளிக்கிட வேண்டும். பெண்பிள்ளை என்றால் கூடப்போக ஒருவர் வேண்டும். அவருக்கு அன்றைய நாள்கூலி போகும். அந்த இரண்டாமிடத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. சான்றிதழில் அது எழுதப்படுவதில்லை.

2006இல் நான் மாணவன். சம்பூர், மூதூர்ப் பக்கம் சனம் உடுத்த உடுப்போடு ஓடிய ஆண்டு அது. என்னிடம் இருந்த ஏழெட்டுச் சான்றிதழ்களும் அந்த ஓட்டத்தில் போயின. பிறகு பல்கலைக்கழகம் போனது இசட் புள்ளியில்தான். ஊடகக் கற்கைக்கு யாரும் என் பேச்சுப் போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அதனால் எனக்கு எண்கள் மீது ஒரு நன்றி உண்டு. எண்ணும் பிசகும் என்பது வேறு கதை: 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகப் போட்டுக் கணித்த இசட் புள்ளியை 2012இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

அமெரிக்கா போல முழு ஆளையும் பார்த்து எடுக்கலாமே என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும் பொது விண்ணப்பத்தில் பத்துச் செயற்பாடுகளை எழுதலாம். வீட்டுப் பொறுப்பும் சம்பள வேலையும்கூட அதில் ஒரு வகை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது நல்ல பெட்டிதான். ஆனால் 2019இல் வெடித்த ஊழலில், விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டப் பணக்காரப் பெற்றோர் பயிற்றுநர்களுக்குக் காசு கொடுத்தது அம்பலமானது. ராஜ் செட்டியும் சக பொருளியலாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே பரீட்சைப் புள்ளி இருந்தும் மிகப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்தாரைவிட இரு மடங்குக்கு மேல் உயர்தட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் போவதைக் காட்டியது. பாடம் சாராத தகைமைகளுக்கு வழங்கும் மதிப்பீடும் அதற்கு ஒரு காரணம். அந்த முறை இங்கே வந்தால் முதலில் முளைப்பது சான்றிதழ் விற்கும் ரியூட்டரிகள்தான்.

ஆகவே 0.5ஐ ஐந்தாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இருக்கிற 0.5இலாவது ஒரு பங்கை, அந்தப் 16 மாவட்டங்களில் மாகாண மட்டம் வரை வந்தவர்களுக்கு ஒதுக்கலாம். பாடத்துக்குச் சரியான நியாயம் பேச்சுக்கும் ஓட்டத்துக்கும் ஏன் பிழையாக வேண்டும்? அதைவிட மலிவான வழியும் இருக்கிறது: மாகாணப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கும் கூடப்போகும் ஒருவருக்கும் பஸ் காசும் சாப்பாடும்.

அன்று பாயில் இருந்தபடி அந்தப் பிள்ளைக்கு வேறு சில கதவுகளைச் சொன்னேன். இசை, நடனம், உடற்கல்வி போன்ற கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் அப்படித்தான். அங்கே காகிதத்தைவிட ஆளின் திறமை பேசும். தேசிய கல்வியியற் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போனால் இந்தப் பைலையும் கொண்டுபோக வேண்டும்.

அம்மா சான்றிதழ்களை அடுக்கினார். மாகாணச் சான்றிதழை மேலே வைத்தார். "அப்ப இதுகளைப் படியெடுத்து வைக்கட்டா?" என்று மகள் கேட்டாள். கட்டாயம் எடு, ஒன்றை வேறு வீட்டில் வை என்றேன்.