கூம்பை எடுத்து வைப்பவருக்கே பந்தயம்!

அகன்ற சிமெண்டுத் தரை. தரை முழுவதும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நிற்கின்றன. சாலை பழுது பார்க்கும் இடத்தில் வைப்பார்களே, அதே கூம்புகள்தான்.

"விர்"ரென்று ஒரு சின்ன வண்டி வருகிறது. இடது பக்கம் வளைகிறது. வலது பக்கம் வளைகிறது. பின்சக்கரம் லேசாக உரசுகிறது. ஒரு கூம்பு உருண்டு விழுகிறது!

ஓரத்தில் நின்ற ஒருவர் ஓடி வருகிறார். கூம்பை எடுத்து, பழைய இடத்தில் நிறுத்துகிறார். கையில் உள்ள வயர்லெஸ் கருவியில் வண்டியின் எண்ணைச் சொல்லி, "ஒரு கூம்பு" என்கிறார்.

அவ்வளவுதான். வண்டி ஓட்டியவரின் கணக்கில் 2 விநாடி ஏறிவிட்டது!

கூம்பை எடுத்து வைத்தவர் யார்? சம்பளத்துக்கு வந்த ஆளா? இல்லை. அவரும் ஒரு பந்தயக்காரர்தான். சற்று நேரத்துக்கு முன்பு அவர் ஓட்டினார். அல்லது இனிமேல் ஓட்டப் போகிறார். அப்போது அவர் தட்டும் கூம்பை வேறொரு பந்தயக்காரர் எடுத்து வைப்பார்.

இந்த வழக்கத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

எங்கே நடக்கிறது?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே முன்பு ஒரு விமானப்படைத் தளம் இருந்தது. 1966-ம் ஆண்டில் அதை மூடினார்கள். விமானங்களுக்காகப் போட்ட சிமெண்டுத் தரை மட்டும் அப்படியே நின்றது. 2009-ம் ஆண்டு முதல் அந்தத் தரையில் "சோலோ" என்னும் தேசியப் பந்தயம் நடந்து வந்திருக்கிறது. கொரோனா நோய் காரணமாக 2020-ம் ஆண்டில் மட்டும் அதை நிறுத்தி வைத்தார்கள்.

பந்தயத்தை நடத்துவது "ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா" என்ற சங்கம். 1944-ம் ஆண்டில் தோன்றிய சங்கம் அது. சோலோ தேசியப் பந்தயத்தை 1973-ம் ஆண்டில் தொடங்கியது.

இதில் ஓட்டுகிறவர்கள் பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்ல. ஆசிரியர் இருப்பார். மெக்கானிக் இருப்பார். ஆபீசில் வேலை பார்ப்பவர் இருப்பார். வாரம் முழுவதும் வேலை. விடுமுறை நாளில் பந்தயம்! கார் ஓட்டுபவர்களுக்குப் பல பிரிவுகள் உண்டு. "கார்ட்" ஓட்டுபவர்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

கார்ட் என்றால் என்ன?

கார்ட் ஒரு குட்டி மோட்டார் வண்டி. கூரை இல்லை, கதவு இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், ஓர் ஆசனம், 4 சிறிய சக்கரங்கள், ஒரு எஞ்சின். ஓட்டுகிறவர் தரைக்குச் சில அங்குல உயரத்தில் உட்கார்ந்திருப்பார்.

முதல் கார்ட்டைச் செய்தவர் ஆர்ட் இங்கெல்ஸ். பந்தயக் கார் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். 1956-ம் ஆண்டில், கலிபோர்னியாவில், லூ பொரெல்லி என்ற நண்பருடன் சேர்ந்து இதைச் செய்தார். எஞ்சினுக்கு எங்கே போனார்? புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைக்கும் எஞ்சினை எடுத்துப் பொருத்தினார்!

இன்று பந்தயத்துக்கு வரும் பெரிய கார்ட்டுகளில் 125 சி.சி. எஞ்சினும் 6 கியர்களும் இருக்கின்றன. ஆனால் காரில் உள்ளதைப் போல ஸ்பிரிங் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றும்.

வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தே சுற்றினால் எப்படி வளைவது? உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழும்ப வேண்டும். ஸ்டீரிங்கைத் திருப்பும் விதத்தில் அதை எழுப்புவதே ஓட்டுகிறவரின் திறமை. மிதமிஞ்சித் திருப்பினால் வண்டி இழுபடும். வேகம் செத்துவிடும்.

ஒரு நிமிட ஆட்டம்

இந்தப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவது கிடையாது. கடிகாரத்தோடுதான் போட்டி. கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி முடிக்கச் சுமார் ஒரு நிமிடம் ஆகும். விநாடியை ஆயிரமாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள்.

பாதையில் வண்டியை ஓட்டிப் பழக அனுமதி இல்லை. நடந்து பார்க்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கலாம். கையில் காகிதத்தோடு, தலையைக் குனிந்துகொண்டு, கூம்புகளை எண்ணிக்கொண்டே நடப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களைப் போல!

தேசியப் பந்தயத்தில் ஒவ்வொருவரும் 2 நாள் ஓட்டுவார். ஒவ்வொரு நாளும் வேறு பாதை. நாளுக்கு 3 ஓட்டம். ஒவ்வொரு நாளிலும் மிகக் குறைந்த நேரத்தை எடுத்து, இரண்டையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரே சாம்பியன்.

கூம்பை நிறுத்தும் இடத்தைச் சுற்றித் தரையில் கோடு போட்டிருப்பார்கள். கூம்பு சாய்ந்தாலும், கோட்டை விட்டு முழுவதும் வெளியே நகர்ந்தாலும் 2 விநாடி தண்டனை. ஒருவர் 60 விநாடியில் ஓடி ஒரு கூம்பைத் தட்டினால், கணக்கு 62 விநாடி. பின்னால் வந்தவர் எதையும் தட்டாமல் 61 விநாடியில் ஓடினால் அவரே முந்தியவர். பாதையில் ஒரு வாயிலைத் தவறவிட்டாலோ அந்த ஓட்டமே செல்லாது!

தகுதி எப்படி வருகிறது?

"நல்ல கார்ட் ஒன்றை வாங்கிவிட்டேன். நேரே தேசியப் பந்தயத்துக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொல்லலாம். அவருக்கு நாம் சொல்வது இது: "முதலில் உங்கள் ஊரில் கூம்பை எடுத்து வையுங்கள்."

முதலில் சங்கத்தில் அங்கத்தினர் ஆக வேண்டும். உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்ட வேண்டும். பெரிய கடை வாசலில் கார் நிறுத்தும் மைதானங்களிலும், பழைய விமான நிலையங்களிலும் அவை நடக்கின்றன. அங்கேதான் கொடி காட்டுவதைக் கற்றுக்கொள்ளலாம். கூம்பு விழுந்ததா, நகர்ந்ததா என்று பார்க்கக் கண் பழகும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை முழுவதும் படித்து, தன் வண்டி எந்தப் பிரிவுக்கு உரியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு விண்ணப்பம் எழுதலாம்.

பந்தயத்துக்கு முன் பிரேக், சக்கரம், ஹெல்மெட் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். கார்ட்டில் ஆசனப் பட்டி கிடையாது. தலைக்கு மேல் காப்புக் கம்பி இல்லாத வண்டி அது. கவிழ்ந்தால் பட்டி ஆளை வண்டியோடு கட்டிப்போட்டுவிடும். ஆகவே ஹெல்மெட்டும், கையுறையும், கழுத்துப் பட்டையும்தான் காவல்.

பெற்றோருக்கு ஒரு சொல்

சிறுவர் சிறுமியருக்கும் கார்ட் பிரிவுகள் இருக்கின்றன. கார் ஓட்டும் வயது வராத பிள்ளைகள் அவற்றில் ஓட்டுகிறார்கள். இங்கேதான் பெற்றோர் நிதானமாக இருக்க வேண்டும்.

சில தகப்பனார்களுக்கு அவசரம் அதிகம். விலை உயர்ந்த எஞ்சின், புது டயர் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். மகன் ஒரு கூம்பைத் தட்டிவிட்டால், "அது விழவே இல்லை" என்று சண்டைக்குப் போகிறார்கள்! பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. என்ன கற்றுக்கொள்ளும்? வண்டி ஓட்டவா? சண்டை போடவா?

பிள்ளையை முதலில் நடக்க விடுங்கள். பாதையை அதுவே மனத்தில் போட்டுக்கொள்ளட்டும். பயந்தால் நிறுத்துங்கள். தோற்றால் திட்டாதீர்கள். கார்ட் வாங்கப் பணம் போதாவிட்டால் ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்டலாம். அதில் வெட்கம் ஏதும் இல்லை.

நீதிபதியும் அவரே!

தேசியப் பந்தயத்திலும் வேலை உண்டு. ஓட்ட வந்த ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது வெயிலில் நின்று கூம்பு பார்க்க வேண்டும். சென்ற ஆண்டின் சாம்பியனுக்கும் விலக்கு இல்லை. வேலைக்கு வராவிட்டால் தண்டனை!

ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் வெற்றி கைமாறும் பந்தயம் இது. ஒரு கூம்பை மறைத்துவிட்டால் சாம்பியனே மாறிவிடுவார். அப்படியிருந்தும், பந்தயக்காரர் கையிலேயே நீதியை ஒப்படைத்திருக்கிறார்கள். ஓடுகிற வண்டி நண்பனுடையதாக இருக்கலாம். ஆனாலும் கூம்பு விழுந்தால் விழுந்தது என்று சொல்ல வேண்டும். நாளை தனக்கும் அதே நீதிதான் என்று அவருக்குத் தெரியும்.

வேகமாக ஓட்டப் பலரால் முடியும். நண்பன் தட்டிய கூம்பை மறைக்காமல் சொல்ல எத்தனை பேரால் முடியும்? அதற்குத் துணிந்தவரே தேசியப் பந்தயத்துக்குத் தகுதி உடையவர்.

கோப்பை ஒருவருக்குத்தான் கிடைக்கும். இந்தத் தகுதி எல்லோருக்கும் கிடைக்கும்!