தொழில் அம்மாவுடையது, பெயர் யாருடையது?

பெண்கள் தொழில்முனைவராக வேண்டும் என்று முழங்காத மேடை இன்று நம் நாட்டில் இல்லை. கோயில் மண்டபம், மகளிர் நாள் விழா, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என எங்குச் சென்றாலும் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு “உன்னால் முடியும்” என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. பேசியவருக்குப் பொன்னாடையும் உறையில் பணமும் கிடைக்கின்றன. கேட்ட தாய்மார்கள் வீட்டுக்குப் போய் மறுநாள் விற்பனைக்கு மாவு பிசைகிறார்கள்.

முடியுமா என்பது இங்குக் கேள்வியே அன்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டுகிறவர், இரவு பதினொரு மணிவரை ரவிக்கை தைக்கிறவர், மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்கிறவர், பூமாலை கட்டுகிறவர், அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர் எனத் தாமான் தோறும் நம் பெண்கள் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊக்கம் குறைவில்லை. இரண்டு பொருள்கள்தாம் இல்லை. ஒன்று, தொழிலின் மீது தம் பெயர். மற்றொன்று, தம் உழைப்புக்கென எழுதப்பட்ட கூலி. இவ்விரண்டையும் பற்றிப் பேசாமல் தன்னம்பிக்கையை மட்டும் விற்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

பள்ளியிலிருந்தே தொடங்குவோம். மாணவர் விவரப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் ‘இல்லத்தரசி’ என்று எழுதப்பட்டிருக்கும். அந்த இல்லத்தரசி பொரித்து அனுப்பிய கறிபாப்பைத்தான் இடைவேளையில் ஆசிரியர் அறையில் சாப்பிடுகிறோம்! வகுப்பில் நான் கேட்பதுண்டு. “அம்மா என்ன வேலை செய்றாங்க?” “அம்மா வேலை செய்யல டீச்சர். வீட்ல பலகாரம் செஞ்சி விக்கிறாங்க.” பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள், படிவத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

நம் பாட்டிமார்கள் பால்மரம் வெட்டிய காலத்தில்கூட அவர்களுடைய பெயர் செக்ரோலில் இருந்தது. கூலியில் வஞ்சனை இருந்தது உண்மை. 1920களின் பிற்பகுதியில் சில பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றே வகுத்திருந்தார்கள். ஆயினும் அந்த 40 காசு அவள் பெயரில் எழுதப்பட்ட 40 காசு. தோட்டத்தை விட்டு வெளியே வந்து, சொந்தத் தொழில் என்று மார்தட்டிக்கொள்ளும் காலத்தில் அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்றால் இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதனைப் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையிலுள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் கட்டணம் ஆண்டுக்கு 30 ரிங்கிட். ‘அன்னை பலகாரம்’ போல வேறு பெயர் சூட்டினால் 60 ரிங்கிட். வீட்டிலிருந்தே இணையம் வழி எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதியலாம். மூன்று டப்பா முறுக்கின் விலையைத் தாண்டாது, அவ்வளவே. இதைச் சொல்லாமல் ஒரு நாள் பட்டறைக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்கள் யாருக்கு நன்மை செய்கிறார்கள்?

பதிவே இருந்தாலும் அது யார் பெயரில் என்று பாருங்கள். சமைப்பவர் மனைவி, சான்றிதழில் கணவர். தைப்பவர் தங்கை, வங்கிக் கணக்கு அண்ணனுடையது. “குடும்பத்துக்குள்தானே?” என்பார்கள். குடும்பம் ஒன்றாக இருக்கும்வரை சரி. கணவர் இறந்தாலோ பிரிந்தாலோ, தனியுரிமைத் தொழில் சட்டத்தின் கண்ணில் பதிந்தவருடையது. பதினைந்து ஆண்டு அடுப்படியில் நின்றவர், தொழில் தம்முடையது என்பதை வழக்காடி மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. கணவருக்கோ சகோதரருக்கோ வங்கியில் பெயர் கெட்டுவிட்டால், அப்பொழுது மட்டும் மனைவியின் பெயர் நினைவுக்கு வருகிறது! “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்று கூறித் தொழிலை அவர் பெயரில் பதிந்து, கடனையும் அவர் பெயரிலேயே எடுக்கிறார்கள். தனியுரிமைத் தொழிலில் தொழிலின் கடன் வேறு, உரிமையாளரின் கடன் வேறு என்ற பிரிவினை கிடையாது. 1957ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சட்டம் மனைவிக்குச் சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. அதே சட்டம் கடனுக்கும் அவரையே பொறுப்பாக்குகிறது. லாரி எந்தப் பக்கம் ஓடியது என்றுகூட அறியாத பெண் லாரிக் கடனுக்குப் பதில் சொல்கிறார். ஆகவே என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: நீ நடத்தும் தொழிலில் உன் பெயர் இருக்க வேண்டும், நீ நடத்தாத தொழிலில் உன் பெயர் இருக்கக் கூடாது. இந்த இரண்டாம் பாதியைச் சொன்னால் சில தந்தையர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

இனிக் கூலிக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டப்பா முறுக்கு 20 ரிங்கிட். மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்து 12 என்று வையுங்கள். “டப்பாவுக்கு 8 ரிங்கிட் இலாபம்” என்று அம்மா மகிழ்கிறார். நாள் முழுக்க அடுப்பருகே நின்றால் ஆறு டப்பா. கையில் 48 ரிங்கிட். இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்று 2025இல் ஆக்கப்பட்டது. 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். அப்படியானால் அந்த 48 ரிங்கிட் இலாபமா? தம்மிடமே வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்கு நாள்தோறும் 17 ரிங்கிட் குறைத்துக் கொடுக்கும் முதலாளி அவர்! பிழிய உதவிய மகளின் கைகளை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. தம் கூலியைச் சேர்த்தால் அடக்க விலையே 23 ரிங்கிட். அதற்கு மேல்தான் இலாபம் தொடங்குகிறது.

விலையை 25 ஆக்கினால் வாங்குவோர் ஓடிவிடுவார்கள் என்கிறார்கள். சிலர் ஓடுவர். ஆனால் விலை ஏற்ற முடியாத பொருளை அளவில் கூட்டுவதால் கை வலி மட்டுமே கூடும். வேறு பொருளுக்கு மாறலாமா, இயந்திரம் வாங்கலாமா என்று முடிவு செய்வதற்குக்கூட இந்தக் கணக்கு முதலில் தாளில் இருக்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு அடக்க விலை, விற்ற விலை, இலாபம், நட்டம் எல்லாம் கற்பிக்கிறோமே, அந்தப் பாடத்தை அம்மாவின் டப்பாவை வைத்து நடத்தினால் என்ன?

பெயரும் கணக்கும் இருந்தால்தான் மற்ற கதவுகள் திறக்கும். கிராமின் வங்கி முறையைப் பின்பற்றி 1987இல் உருவான அமானா இக்தியார், 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ திட்டத்தில் 50 மில்லியன் ரிங்கிட்டை ஒதுக்கியது. தெக்குனில் ‘ஸ்புமி’ கடன் இருக்கிறது. நம் பெண்களில் பலரோ முதலுக்குக் கூட்டுப் பணத்தையும் வட்டிக்காரரையும் நாடுகிறார்கள். கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது. (அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் ‘கூட்டு’ என்ற சொல் ஏறியிருக்கிறது, தமிழுக்குக் கிடைத்த பெருமைகளுள் இதுவும் ஒன்று!) பிடித்தவர் பணத்துடன் மறைந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

முதுமையைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஊழியர் சேமநிதி வாரியத்தின் ‘ஐ-சாரான்’ திட்டத்தில் சுயதொழில் செய்வோர் தாமே பணம் செலுத்தலாம். 2025இல் அரசு அதற்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட்வரை சேர்த்துக் கொடுத்தது. சொக்சோவில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சுயதொழிலருக்கும் காப்பு உண்டு. தங்கச் சங்கிலி ஒன்றே சேமிப்பு என்றிருப்பவரிடம் இவற்றைச் சொல்ல ஒரு மணி நேரம் போதும்.

“பதிந்தால் வருமான வரி வந்துவிடும்” என்று அஞ்சுவோர் உண்டு. வரி, வருமானத்தின் மீது வருவது. சான்றிதழின் மீது வருவதன்று. தனிநபர் கழிவே 9,000 ரிங்கிட் இருக்கும்போது, நாளுக்கு 48 ரிங்கிட் ஈட்டுகிறவரை வரி தின்றுவிடும் என்பது அறியாமை. அவரைத் தின்பது வேறு.

அவற்றுள் ஒன்று ஆசிரியர் அறையிலேயே இருக்கிறது. கடனுக்கு வாங்கிக்கொண்டு “சம்பளம் வந்ததும் தருகிறேன்” என்கிறோம். சம்பளம் வந்த பிறகு அம்மாவுக்குக் கேட்கக் கூச்சம். தம் பிள்ளையின் ஆசிரியரிடம் எப்படிப் பணம் கேட்பார்? அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தன்முனைப்புப் பேச்சாளரை அழைக்கச் செலவிடும் பணத்தில், எஸ்.எஸ்.எம். பதிவு செய்து கொடுக்க ஒரு மேசையும் கணினியும் இணைய வசதியும் போடுங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அது வரும்வரை, தீபாவளிக்கு வாங்கிய முறுக்குக்குப் பொங்கலுக்குள்ளாவது பணத்தைக் கொடுத்துவிடுங்கள், ஆசிரியர்களே.