புதுப் புட்டிக்கு மட்டும் பரீட்சை

ஐரோப்பிய ஆய்வகங்களில் பால் புட்டியைச் சோதிக்கும்போது அதில் ஊற்றுவது பால் அல்ல. பாதி எத்தனால், பாதி தண்ணீர்; சாராயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பும் புரதமும் கலந்த பாலில் துளியூண்டு ரசாயனத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இந்தக் கலவையோ பாலைப் போலவே பிளாஸ்டிக்கில் இருப்பதை இழுத்துக்கொள்ளும், அளப்பதற்கும் தோது. புட்டி தினமும் புழங்கும் பொருள் என்பதால் ஒரே புட்டியில் மூன்று தடவை சோதிப்பார்கள். மூன்றாவது தடவை வரும் அளவுதான் கணக்கு.

போகப் போக ரசாயனம் ஊறுவது குறையும் என்ற நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடு இது. எனக்கு இடிப்பதும் அதுதான்.

நார்வேயில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த புட்டிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள்; 2003இல் முடிவு வெளியானது. புதுப் புட்டியில் ஊற்றிய தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 0.23 மைக்ரோகிராம் பிஸ்பினால்-ஏ (பி.பி.ஏ.), அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான ரசாயனம். இயந்திரத்தில் 51 முறை கழுவிய பிறகு 8.4! வெந்நீர் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக்கே சிதைகிறது. சிதையச் சிதைய ரசாயனம் வந்துகொண்டே இருக்கும்.

2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பால் புட்டியில் அந்த பி.பி.ஏ.வைத் தடை செய்தது. மறு ஆண்டு அமெரிக்கா. 2015இல் நம் இந்தியத் தரநிலையும் கூடாது என்றது. இங்கே பால் புட்டிக்கு விளம்பரம் செய்வதே 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அட்டைப்பெட்டியில் ‘பி.பி.ஏ. ஃப்ரீ’ என்று கொட்டை எழுத்தில் போட்டால் வேறு விளம்பரம் எதற்கு? ஒரு ரசாயனம் இல்லை என்பதற்கு மேல் அந்த வாசகம் எதையும் சொல்வதில்லை. ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற வரம்பும் நிலையானதல்ல. பி.பி.ஏ.வுக்கு இருந்த தினசரி வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 20,000 மடங்கு குறைத்தது.

பாலிகார்பனேட் போன இடத்தில் பெரும்பாலும் வந்து உட்கார்ந்தது பாலிபுரொப்பிலீன். அதில் சங்கதி வேறு. 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்காரர்கள் எண்ணியது ரசாயனத்தை அல்ல, உதிரும் நுண்துகளை. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சம்; 95 டிகிரியில் 5.5 கோடி. இவை குழந்தையின் உடம்பில் என்ன செய்கின்றன என்பது இன்னும் தெளிவாகவில்லை. அதற்காகச் சுடுநீரையும் விட முடியாது. பால்மாவில் கிருமி இருக்கலாம், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என்னைக் கேட்டால், தொழிற்சாலையிலிருந்து பளபளவென்று வரும் புட்டிக்கு மட்டும் பரீட்சை வைத்தால் போதாது. மூன்று மாதம் அடுப்படியில் அடிபட்டு, கீறல் விழுந்து, மங்கிப்போனதையும் சோதித்து அந்த எண்ணைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். அதுவரைக்கும் டப்ளின்காரர்கள் சொன்ன வழி இருக்கிறது: பால்மாவை எவர்சில்வர் பாத்திரத்திலோ கண்ணாடியிலோ சுடச்சுடக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு புட்டியில் ஊற்றலாம். புட்டியில் போட்டுக் குலுக்குவதைவிட ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.