கடினம் மட்டும் போதாது

சிவக்கக் காய்ச்சிய உளியைக் கொல்லர் தண்ணீரில் தோய்க்கும் சில விநாடிகளில் உருக்கின் உள்ளமைப்பே மாறி, ‘மார்ட்டன்சைட்’ என்ற கடினமான நிலை பிறக்கிறது. அப்படியே விட்டால் சுத்தியல் பட்டதும் தெறித்துவிடும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்குவார். தேய்த்த பரப்பில் வைக்கோல் மஞ்சள் படர்ந்ததும் நிறுத்திவிடுவார். அந்த நிறத்துக்கு வெப்பம் 220 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும்.

கார்பன் மிகுந்த கருவி உருக்கில் சிக்கல் வேறு. அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகும் ‘ஆஸ்டனைட்’ என்ற மென்மையான பகுதி மிஞ்சும். அது பின்னாளில் மாறும்போது உலோகம் சற்றே பருக்கும். மைக்ரான் கணக்கில் அளக்கும் கேஜ் அதோடு பயனற்றுப்போகும். திரவ நைட்ரஜன் தரும் மைனஸ் 196 டிகிரியை ஒட்டிய குளிர், அந்த மிச்சத்தைப் பெருமளவு மாற்றிவிடுகிறது.

ஆனால் இதை எல்லா இரும்புக்கும் மருந்தாக விற்பது தவறு. கார்பன் குறைந்த சாதாரண இரும்புக்கு இதனால் குறிப்பிடத்தக்க பலனில்லை. உலையில் கெட்டதைக் குளிர் சரிசெய்யாது.

ஆகவே டை, கட்டர் வாங்குவோர் விலையோடு நின்றுவிடக் கூடாது. உலையின் வெப்பநிலைப் பதிவும் கடினத்தன்மைச் சான்றும் தர வேண்டும் என்பதை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். அரசுப் பணிமனைகள் இதை முதலில் தொடங்கலாம்.