பதக்கப் பட்டியலின் பொருளாதாரம்

2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எட்டு வீரர்களும் 10 விநாடிக்குள் ஓடி முடித்தனர். முதலிடம் பெற்ற அமெரிக்காவின் நோவா லைல்ஸுக்கும் இரண்டாமிடம் பெற்ற ஜமைக்காவின் கிஷேன் தாம்சனுக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.005 விநாடி. எட்டாவதாக வந்தவர் எடுத்துக்கொண்ட நேரம் 9.91 விநாடி. உலக தடகளக் கூட்டமைப்பு இந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாகத் தங்கம் வென்றவர்களுக்கு 50,000 டாலர் பரிசு அறிவித்திருந்தது. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் அந்தப் பரிசு கிடையாது. ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடியின் விலை 50,000 டாலர்.

2024-ஆம் ஆண்டின் விளையாட்டு முடிவுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது இந்த ஒற்றுமை பல இடங்களில் தெரிகிறது. ஜூன் 29 அன்று பார்படோஸில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை 30 பந்துகளில் 30 ரன்கள். கையில் ஆறு விக்கெட்டுகள். இந்தியா 7 ரன்களில் வென்றது. ஐ.சி.சி. வழங்கிய பரிசு 24.5 லட்சம் டாலர் என்றால், இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் பங்குக்கு அறிவித்தது 125 கோடி ரூபாய். தோற்ற அணியினர் அக்டோபரில் இன்னொரு தோல்வியையும் கண்டனர்: துபையில் நடந்த மகளிர் டி20 உலகக் கோப்பை இறுதியில் நியூஸிலாந்திடம் தென்னாப்பிரிக்கா 32 ரன்களில் வீழ்ந்தது. வினேஷ் போகாட்டின் கதை வேறு விதம். ஒரே நாளில் மூன்று ஆட்டங்களை வென்று இறுதிக்கு வந்தவர், மறுநாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதியிழந்தார். உறுதியாகியிருந்த வெள்ளியும் போயிற்று.

திறமையில் மயிரிழை வேறுபாடு, வெகுமதியில் மலையளவு வேறுபாடு. இதைப் பொருளியல் வல்லுநர்கள் நீண்ட காலமாகவே ஆராய்ந்து வந்துள்ளனர். ஷெர்வின் ரோசன் 1981-இல் எழுதிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் இத்துறையின் அடித்தளம். ஒன்றில், தொலைக்காட்சி போன்ற தொழில்நுட்பம் சந்தையை விரிவாக்கும்போது உச்சியிலிருக்கும் சிலரிடமே வருமானம் குவிவது ஏன் என்று விளக்கினார். எட்வர்ட் லசீருடன் இணைந்து எழுதிய மற்றொன்றில், முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே பெரும் பரிசு வேறுபாடு வைப்பது எல்லோரையும் கடுமையாக உழைக்கத் தூண்டும் என்று நிறுவினார். அலுவலகத்தில் தலைமை நிர்வாகிக்கு ஏன் அவ்வளவு சம்பளம் என்ற கேள்விக்கும் இதே விடையைத்தான் பொருளியல் வகுப்புகளில் சொல்லி வந்தோம்.

இக்கோட்பாட்டில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. பந்தயத்தின் தொடக்கக் கோட்டுக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. விதைநெல் இல்லாத உழவரிடம் அறுவடைக்குப் பின் நல்ல விலை தருகிறோம் என்று சொன்னால் அவர் எதை விதைப்பார்?

பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் இதற்கு அவ்வாண்டின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு, பயிற்சிக்குத் தரமான புதிய ஈட்டி ஒன்று தேவை என்று அவர் வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கோரிக்கைக்கு முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் நம்முடைய நீரஜ் சோப்ரா. ஆகஸ்ட் 8 அன்று நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். பாகிஸ்தானுக்குத் தனிநபர் பிரிவில் அதுவே முதல் தங்கம். நீரஜுக்கு 89.45 மீட்டரில் வெள்ளி. அதன்பின் நதீமுக்குக் கோடிகளில் பரிசுகள் குவிந்தன. ஓர் ஈட்டிக்கு இல்லாத பணம் ஒரே இரவில் எங்கிருந்து வந்தது? அவ்வளவு திறமையில்லாத, ஆனால் வாய்ப்புக் கிடைத்தால் 85 மீட்டர் எறியக்கூடிய இன்னும் சிலர் மியான் சன்னு போன்ற சிற்றூர்களில் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பட்டியலும் பேசாது.

பதக்கப் பட்டியலைப் பொறுத்தவரை, ஆண்ட்ரூ பெர்னார்ட், மேகன் புஸ்ஸே ஆகிய இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்ததே. மக்கள்தொகையும் தனிநபர் வருமானமும் சேர்ந்தே பதக்கங்களைத் தீர்மானிக்கின்றன. போட்டியை நடத்தும் நாட்டுக்குக் கூடுதல் அனுகூலம் உண்டு என்றனர் அவர்கள். பாரிஸ் முடிவுகள் பெரும்பாலும் அதற்கு இணங்கவே உள்ளன. அமெரிக்காவும் சீனாவும் தலா 40 தங்கம். போட்டியை நடத்திய பிரான்ஸுக்கு 16 தங்கம் உள்பட 64 பதக்கங்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கே கொண்ட நெதர்லாந்துக்கு 15 தங்கம். 140 கோடி மக்களைக் கொண்ட இந்தியாவுக்கு ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம்; 71-ஆவது இடம்.

நமக்கு மேலே இருந்த நாடுகளுள் செயின்ட் லூசியாவும் டொமினிக்காவும் உண்டு. செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் மகளிர் 100 மீட்டரில் தங்கம் வென்றார். ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் வாழும் டொமினிக்காவின் தியா லஃபாண்ட் மும்முறைத் தாண்டலில் தங்கம் வென்றார். இரண்டும் அந்நாடுகளின் முதல் ஒலிம்பிக் பதக்கங்கள். 'இத்தனூண்டு நாடு வெல்கிறது, நம்மால் முடியவில்லையே' என்று ஆகஸ்ட் மாதம் முழுவதும் தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை அங்கலாய்ப்பு கேட்டது. இந்த ஒப்பீடு பாதிதான் சரி. ஆல்ஃபிரட் 14 வயதில் ஜமைக்காவுக்குப் பயிற்சிக்குச் சென்றவர். பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவானவர். லஃபாண்டும் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் மாணவி. பதக்கம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டாலும், செலவின் பெரும்பகுதி அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் கணக்கில் இருக்கிறது. ஆடவர் 200 மீட்டரை 19.46 விநாடியில் ஓடி, போட்ஸ்வானாவுக்கு முதல் தங்கம் பெற்றுத் தந்த லெட்சிலே டெபோகோ சொந்த நாட்டிலேயே பயிற்சி பெற்றவர். பெருமைப்பட வேண்டிய எடுத்துக்காட்டு அவர்தான். நம் ஊடகங்களில் அவர் பெயர் அதிகம் அடிபடவில்லை.

அமெரிக்கா என்றதும் வேறொரு விந்தை நினைவுக்கு வருகிறது. தடையற்ற சந்தையின் தாயகம் எனப்படும் அந்நாட்டின் கால்பந்து லீகான என்.எஃப்.எல்., தேசியத் தொலைக்காட்சி வருவாயை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது. கடைசி இடத்தில் வந்த அணிக்கே அடுத்த ஆண்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை தருகிறது. சமநலக் கொள்கைகளுக்குப் பெயர்பெற்ற ஐரோப்பாவிலோ பணமுள்ள சங்கம் வாங்கிக் குவிக்கலாம். விளைவு, ஜெர்மனியில் பேயர்ன் மியூனிக் தொடர்ந்து 11 ஆண்டுகள் வாகை சூடியது. 2024-இல் பேயர் லெவர்குசன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் அந்தத் தொடரை அறுத்தது. எதிராளி வலுவாக இருந்தால்தான் என் ஆட்டத்துக்கு மதிப்பு என்பதால் விளையாட்டு மற்றத் தொழில்களைப் போன்றதன்று என்று வால்டர் நீல் 1964-லேயே எழுதினார். இருப்பினும் விதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. என்.எஃப்.எல்.-இல் 2024-இலும் கான்சாஸ் சிட்டியே தொடர்ந்து இரண்டாம் முறையாக வென்றது. பேஸ்பாலில் வாகை சூடிய லாஸ் ஏஞ்சலீஸ் அணி, ஷோஹெய் ஒட்டானியை 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்து, அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரே தரப்போகிறது. பணத்தின் நிகழ்கால மதிப்பைக் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு என் வகுப்பறை நாள்களில் கிடைத்ததில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். கேலோ இந்தியா திட்டத்துக்கு 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது 900 கோடி ரூபாய். நாடு முழுவதற்குமான அடித்தள விளையாட்டு வளர்ச்சிக்கு அது. ஒரே ஓர் அணிக்குக் கிரிக்கெட் வாரியம் வழங்கிய 125 கோடி, அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. வாரியத்தின் பணம் அரசுப் பணமன்று. அவர்கள் ஈட்டியதை அவர்கள் கொடுக்கிறார்கள். அதைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால், மத்திய, மாநில அரசுகளும் அதே வழியைப் பின்பற்றி, வென்றவருக்கு மேடையில் காசோலை வழங்குவதையே விளையாட்டுக் கொள்கையாகக் கருதத் தொடங்கும்போது கணக்கு தவறுகிறது.

முன்கூட்டிச் செய்யும் செலவு என்ன தரும் என்பதற்கும் 2024-இலேயே சான்று உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் இந்தியா 2016-இல் 4 பதக்கங்களும், டோக்கியோவில் 19 பதக்கங்களும் பெற்றது. பாரிஸில் 7 தங்கம் உள்பட 29. ஒலிம்பிக் வீரர்களுக்கான அரசின் ஆதரவுத் திட்டத்தில் இவர்களும் சேர்க்கப்பட்டு, பயிற்சிக் காலத்திலேயே உதவி பெற்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பாட்மின்டனில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு என்று தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வர் இப்பட்டியலில் உள்ளனர்.

சதுரங்கம் இன்னும் தெளிவான சான்று. செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டிலும் இந்தியாவுக்குத் தங்கம். டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயது குகேஷ், டிங் லிரெனை 7.5 - 6.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்று உலக வாகையரானார். கடைசி ஆட்டத்தின் 55-ஆவது நகர்த்தலில் டிங் செய்த ஒரு பிழையே முடிவைத் தீர்மானித்தது. ஆனால், இங்கே பரிசுப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். வென்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2 லட்சம் டாலர்; மீதி இருவருக்கும் சமம். ஆக, குகேஷுக்கு 13.5 லட்சம் டாலர், டிங்குக்கு 11.5 லட்சம் டாலர். ஒரு பிழைக்கு ஒருவரை ஓட்டாண்டியாக்காமலும் உலக வாகையரைத் தேர்ந்தெடுக்கலாம்.

குகேஷின் வெற்றியைத் தனியொரு மேதையின் கதையாகச் சொல்வது எளிது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய டால் சதுரங்க சங்கம், அங்கே ஆடப் பழகி 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், அவருக்குப் பின் பயிற்சியாளர்களாக மாறிய ஆட்டக்காரர்கள், விடுப்பு தந்து ஊக்குவித்த பள்ளிகள், தொழிலை ஒதுக்கிவைத்து மகனுடன் நாடு நாடாகச் சென்ற தந்தை என்று அரை நூற்றாண்டின் சேமிப்பு அதன் பின்னால் உள்ளது. ஒரு தொழில் ஓரிடத்தில் வேரூன்றிவிட்டால் அதன் நுணுக்கங்கள் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடும் என்ற பொருளில் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதினார். திருப்பூருக்குப் பின்னலாடையும் சிவகாசிக்கு அச்சும் போல, சென்னைக்குச் சதுரங்கம். 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் ஆதரவுடன் சென்னையில் ஒரு கிராண்ட் மாஸ்டர் போட்டி நடத்தப்பட்டபோது, அவசரக் கோலத்தில் செய்கிறார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. அதில் குகேஷ் வென்றதே உலக வாகையர் போட்டிக்கான தகுதிச் சுற்றுக்குள் அவர் நுழைய வழிசெய்தது. பின்னர் அரசு வழங்கிய 5 கோடி ரூபாய் பரிசைவிட, அந்தப் போட்டியை நடத்திய முடிவையே நான் உயர்வாக மதிப்பேன்.

2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபர் 1 அன்று சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் அனுப்பியது. அரங்குகளுக்கு நாம் எவ்வளவு செலவிடுவோம் என்பது பற்றி இனி நிறையக் கேட்போம். அந்த ஆண்டு பதக்கம் வெல்லக்கூடியவர்களில் பலருக்கு 2024-இல் எட்டு வயது, பத்து வயது. அவர்கள் படிக்கும் பள்ளிகளில் எத்தனைக்கு மைதானம் உண்டு, எத்தனைக்கு உடற்கல்வி ஆசிரியர் உண்டு என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிட அரசுக்குப் பெரிய செலவாகாது.

பாரிஸில் இந்தியர்கள் ஆறு பிரிவுகளில் நான்காமிடம் பெற்றனர். பளுதூக்குதலில் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார். வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200 கிலோ.  அந்த ஒரு கிலோவுக்கு நிதிநிலை அறிக்கையில் எவ்வளவு ஒதுக்கீடு என்று பார்ப்போம்.