கட்டற்ற மென்பொருளும் நம் கடமையும்

வானூர் வட்டாரத்துச் சிற்றூரிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவர், கட்டண மென்பொருளை வாங்க இயலாமல் உரிமமில்லாப் படியை நாடுகிறார். அவரைக் குறை கூறுதல் எளிது. வழிகாட்டுதலே நம் கடன்.

2010இல் ஓப்பன் ஆபிசிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் விலையின்றிக் கிடைக்கிறது; தமிழ் இடைமுகமும் உண்டு. அதன் ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பெற்றது. கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருள் கொண்டே கணினி கற்பிக்கின்றன. விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுவினர் ஊர்ப்புற மாணவர்க்கு இதனைக் கற்றுத்தருகின்றனர்.

பழைய கோப்புகளின் அமைப்பு சிறிது குலையலாம். கை பழகவும் நாளாகலாம். ஆயினும் ஆசிரியர் முதலில் மாறினால் மாணவர் தொடர்வர். நம் வினாத்தாளும் சுற்றறிக்கையும் இனித் திறந்த வடிவில் வெளிவரட்டும். நேர்மையாகக் கற்பதற்கு வறுமை தடையாதல் கூடாது.